தேய்க்கும் உரிமை

1

எந்தப் பொருளும் புழங்கப் புழங்கத் தேயும். செருப்பு தேயும், அரிவாள்மனை தேயும், அம்மிக் குழவி தேயும். இதில் யாருக்கும் குற்றவுணர்ச்சி வருவதில்லை. தேய்ந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இன்னொன்று கிடையாது என்றால்? செய்த கம்பெனி அதை நிறுத்தி ஐம்பது வருஷம் ஆகிவிட்டது, உலகத்தில் மிச்சமிருப்பது இருப்பவைதான், அவையும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன என்றால்? காசு கொடுத்து வாங்கிவிட்டேன் என்பதற்காகவே அதைச் சேற்றில் இறக்கித் தேய்த்துத் தீர்க்கும் உரிமை எனக்கு வந்துவிடுகிறதா?

ஒரு பழைய மோட்டோகிராஸ் பைக் வாங்கி ரேஸ் ஓட்டலாம் என்று கிளம்பியபோது இந்தக் கேள்வியில் வந்து மாட்டிக்கொண்டேன். நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில். வேலை மென்பொருள். சொந்த ஊர் கோயம்புத்தூர். அப்பா அங்கே முப்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவர். பட்டறை விஷயம் பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டோகிராஸ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மண் பாதை. மேடு, பள்ளம், தாவல், சேறு. ஒரே வரிசையில் நிற்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்டு முதல் வளைவுக்கு அடித்துக்கொண்டு போவார்கள். விண்டேஜ் மோட்டோகிராஸ் என்பது இதையே பழைய பைக்குகளில் செய்வது. எது பழையது என்பதற்கு விதி இருக்கிறது. அமெரிக்கன் ஹிஸ்டாரிக் ரேசிங் மோட்டார்சைக்கிள் அசோசியேஷனின் விண்டேஜ் பிரிவுகளுக்கு 1974தான் எல்லை. முன்சக்கரம் 7 அங்குலத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது, பின்சக்கரம் 4 அங்குலத்துக்கு மேல் கூடாது. இன்றைய மோட்டோகிராஸ் பைக்கில் இரண்டுமே 12 அங்குலத்தை ஒட்டி இருக்கும்.

ஏன் 1974? அதற்கு முந்தைய வருஷம் யமஹா, பெல்ஜியத்துக்காரர் லூசியன் டில்கென்ஸ் உருவாக்கிய ஒற்றை ஷாக் அப்சார்பர் அமைப்பை வைத்து, ஸ்வீடனின் ஹாகன் ஆண்டர்சனுக்கு 250 சிசி உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பிறகு எல்லாக் கம்பெனிகளும் சக்கரம் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போயின. பாதைகளும் அதற்கேற்ற மாதிரி மாறின, பெரிய தாவல்கள் வந்தன. பழைய பைக்குகள் இரண்டு மூன்று வருஷத்துக்குள் கொட்டகைக்குப் போய்விட்டன. ஆக அந்தக் கோடு ஒரு வகையான ஓட்டும் முறை முடிந்துபோன இடத்தைக் குறிக்கிறது. நாலு அங்குலத்தில் பள்ளத்தை பைக் விழுங்காது, உங்கள் முழங்கால்தான் விழுங்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். சேறும் தண்ணியும் உள்ளே போனால் அது பிரேக்கே இல்லை. எங்கே வேகத்தைக் குறைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு பண்ணியாக வேண்டும்.

2

எந்த பைக்கை வாங்குவது என்று யோசிக்க ஆரம்பித்தால், ஒவ்வொரு பெயரும் ஒரு காலத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்ட்ராகோனிட்ஸ் ஊரில் செய்யப்பட்ட சி.இசட். பெல்ஜியத்தின் ஜோயல் ராபர்ட் 1964-ல் முதல் உலகப் பட்டம் வாங்கியது இதில்தான். கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸ் 1966-லிருந்து 1968 வரை மூன்று வருஷம் தொடர்ந்து 500 சிசி பட்டம் வென்றதும் இதில்தான். மைசூரில் ஜாவா, யெஸ்டி செய்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி: போருக்குப் பிறகு ஜாவாவும் சி.இசட்டும் ஒரே குடையின் கீழ் இருந்தவை. அடுத்து ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா. அமெரிக்காவில் ஐரோப்பிய மோட்டோகிராஸ் வேரூன்றக் காரணமாக இருந்தது 1966-ல் டார்ஸ்டன் ஹால்மன் இதை எடுத்துக்கொண்டு வந்து ஓட்டிக் காட்டியதுதான். ஜெர்மனியின் மைக்கோ, வளைவில் இதை மிஞ்ச ஆளில்லை என்று இன்றும் சொல்வார்கள். ஸ்பெயினின் புல்டாகோ. 1973-ல் ஜிம் பொமராய் அந்த நாட்டிலேயே இதில் ஜெயித்து, உலக மோட்டோகிராஸ் கிராண்ட் ப்ரீ ஒன்றை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார்.

நான் தேடியது ஹோண்டா சிஆர் 250 எம், எல்லோரும் எல்சினோர் என்று கூப்பிடுவது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினே பிடிக்காத சொயிச்சிரோ ஹோண்டாவின் கம்பெனி, மோட்டோகிராஸுக்காக மனசு மாறி விற்பனைக்குக் கொண்டுவந்த டூ-ஸ்ட்ரோக். 1973 மாடலாக வந்தது. அதே வருஷம் கேரி ஜோன்ஸ் அதில் அமெரிக்க தேசிய 250 சிசி பட்டம் வென்றார். 248 சிசி, ஐந்து கியர், நூறு கிலோவை ஒட்டிய எடை, அலுமினிய டேங்க், மக்னீசியத்தில் இன்ஜின் பக்க மூடிகள். நான் இதைத் தேடியதற்கு முக்கியமான காரணம் ஒன்றுதான்: இது நிறையச் செய்யப்பட்டது. கடையில் போய் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதற்காகவே செய்யப்பட்ட ரேஸ் பைக். அதனால் பிஸ்டன், ரிங், கேபிள், மட்கார்டு எல்லாம் இன்றும் யாராவது செய்து விற்கிறார்கள்.

கடைசியில் என் முன்னால் இரண்டு எல்சினோர் நின்றன.

ஒன்று, லெக்சிங்டன் ஊரில் உள்ள மிட்-ஒஹாயோ ரேஸ் டிராக்கில் ஜூலையில் நடக்கும் விண்டேஜ் மோட்டார்சைக்கிள் டேஸ் சந்தையில் பார்த்தது. கலப்படம். சேசிஸ் ஒரு பைக்குடையது, இன்ஜின் இன்னொன்றினுடையது, சக்கரங்கள் மூன்றாவது பைக்கிலிருந்து வந்தவை, பிளாஸ்டிக் முழுக்கப் புதுசு. டேங்கில் இரண்டு ஒடுக்கு.

இன்னொன்று, ஊருக்கு வெளியே ஒரு விவசாயி வீட்டில். எழுபதைத் தாண்டியவர். 1973-ல் புதுசாக வாங்கி, இரண்டு சீசன் ஓட்டி, 1975-ல் கொட்டகையில் நிறுத்தியவர். பைக் அப்படியே இருந்தது. வெள்ளி நிற டேங்கில் பச்சைக் கோடு மங்கவில்லை. டேங்கின் இரண்டு பக்கமும் அவருடைய முழங்கால் உரசிய இடத்தில் மட்டும் பெயின்ட் போய் அலுமினியம் பளபளத்தது. இருபது வயசுப் பையனின் கால்கள் எங்கே இருந்தன என்று அந்த டேங்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கலப்படத்தைவிட இரண்டு மடங்கு விலை சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை: "நீ இதை ரேஸ்ல ஓட்டணும். சும்மா வரவேற்பறையில நிறுத்தறதா இருந்தா விக்க மாட்டேன்."

3

வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்தாள். "உனக்கு வர்ற கவலையெல்லாம் எப்படி வருதுன்னே தெரியல. விக்கிறவரே ஓட்டுன்னு சொல்றாரு. உன் காசு. அப்புறம் என்ன?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடித்தான் ஜான் லாக்கிடம் போனேன். சொத்துரிமை பற்றி யோசித்தவர்களில் இன்றுவரை நம் தலையில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். உழைத்தேன், அதனால் என்னுடையது என்ற எண்ணத்துக்கு 1689-ல் வாதம் கட்டிக் கொடுத்தவர். ஆனால் அந்த உரிமைக்கு அவரே இரண்டு வேலி போட்டார் என்பதைப் பலரும் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். ஒன்று, எடுத்துக்கொண்டதை உன் கையில் கெட்டுப்போக விடாதே. இரண்டு, மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில், மிச்சம் வை.

லாக் பேசியது பழங்களையும் நிலத்தையும் பற்றி. ஆனால் பழைய பைக் விஷயத்தில் இந்த இரண்டு வேலியும் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. பூட்டி வைப்பவர் முதல் வேலியை மிதிக்கிறார். ஓடாத இன்ஜினில் சீல்கள் காய்ந்து வெடிக்கும், கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகும், ஈரம் பட்ட மக்னீசியம் வெள்ளையாகப் பூத்து அரித்துப்போகும். ஓட்டுபவர் இரண்டாம் வேலியை மிதிக்கிறார். ஒரு விழுதலில் டேங்க் ஒடுங்கும், ஒரு கல்லில் அந்த மக்னீசியம் மூடி உடையும். பின்னால் வருபவருக்கு அதே தரத்தில் மிச்சம் இல்லை.

சரி, இது வெறும் இயந்திரம்தானே, இயந்திரத்துக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்கலாம். இயந்திரத்துக்கு ஒன்றும் இல்லை. கடன் மனிதர்களுக்கு. அந்த பைக்கில் கால் போட்டவர்களுக்கும் இனிமேல் போடப் போகிறவர்களுக்கும் நடுவில் ஒரு வரிசை இருக்கிறது, அதில் நான் ஓர் ஆள். விற்பவர் 'ஓட்டு' என்று சொல்வது அவர் பங்கு அனுமதி மட்டும்தான். 2060-ல் இதைத் தேடி வரப்போகிற ஒருத்தியின் அனுமதியை அவரால் எப்படிக் கொடுக்க முடியும்?

இப்படியே யோசித்தால் யாரும் எதையும் தொட முடியாது என்பதும் புரிந்தது. அந்த 2060 பெண்ணும் அடுத்து வருபவருக்காகத் தொடாமல் வைக்க வேண்டும், அவரும் அப்படியே. வரிசையில் எல்லோரும் நிற்பார்கள், யாரும் ஓட்ட மாட்டார்கள். யாருக்காகக் காப்பாற்றுகிறோமோ அவர் வந்து சேரவே மாட்டார்.

4

அப்பாவிடம் ஃபோனில் பேசினேன். தத்துவம் எதுவும் சொல்லவில்லை, இரண்டு பைக் இருக்கிறது, எதை வாங்கலாம் என்று மட்டும் கேட்டேன்.

"போர் எவ்வளவு போயிருக்குதுன்னு பாத்தியா கண்ணு?"

விஷயம் இதுதான். எல்சினோரின் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ். புதுசில் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் உரச உரச அது நீள்வட்டமாகத் தேயும். அப்போது கால் மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். 70.25, 70.50, 70.75, 71. நாலு வாய்ப்பு. பட்டறைக்காரர்கள் ஒரு இன்ஜினின் வயசை இப்படித்தான் கேட்பார்கள்: எத்தனாவது ஓவர்சைஸ்?

கலப்பட பைக் இரண்டாவதில் இருந்தது. பெரியவருடையது இன்னும் 70-லேயே இருந்தது. "அப்ப இன்னும் ரெண்டு தடவைதானேப்பா ஓட்ட முடியும்?" என்றேன்.

"ஏன், அப்புறம் புது ஸ்லீவ் எறக்கிக்கறது. மறுபடி எழுபதுலருந்து ஆரம்பி. சிலிண்டர் எங்க கண்ணு சாவுது? ஸ்லீவ் எறக்கத் தெரிஞ்சவன்தான் சாவறான். நம்ம பட்டறை இருந்த வீதியில இப்ப அந்த வேலை செய்ய ஆள் இருக்குதா, போய்ப் பாரு."

அந்த வாக்கியத்தை அப்பா சாதாரணமாகச் சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. குறைந்துகொண்டே வருவது இரும்பு என்று நினைத்துத்தான் இத்தனை நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரும்பைத் திரும்பச் செய்துவிடலாம். எந்த உயரத்தில், எந்த வெயிலில், கார்புரேட்டருக்கு எந்த ஜெட் போடுவது. பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது. நாலு அங்குலத்தில் பள்ளத்தை எப்படி விழுங்குவது. டிரம் பிரேக்கை நம்பாமல் வளைவுக்குள் எப்படி நுழைவது. இவை இருப்பது கைகளிலும் முழங்கால்களிலும். அருங்காட்சியகத்தில் இவற்றை நிறுத்த முடியாது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பிக்கரிங்டனில் மோட்டார்சைக்கிள் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிற்கும் பைக்குகளை நான் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அவை எப்படி இருந்தன என்று தெரிந்துகொண்டேன். எப்படி ஓடின என்று தெரியவில்லை.

5

நம்மிடம் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. பனையோலை ரொம்ப நாள் தாங்காது. நம்ம ஊர் ஈரமும் பூச்சியும் அதைத் தின்றுவிடும். சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்தது, முதலில் எழுதிய ஓலை பிழைத்திருந்ததால் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ உட்கார்ந்து அடுத்த ஓலையில் பிரதி எடுத்தார்கள். ஓலை வேறு, பாடல் வேறு. ஓலை தேய்ந்தால் பாடல் தேய்ந்ததாக அர்த்தமில்லை, பிரதி எடுத்தவரை.

எல்சினோரை இப்படிப் பார்த்தேன். அது ஒரு பாடல். ஆயிரக்கணக்கான ஓலைகளில் எழுதப்பட்டது. சந்தையில் பார்த்த கலப்பட பைக், பல கை மாறி, பல தடவை பிரதி எடுக்கப்பட்ட ஓலை. அதன் பிளாஸ்டிக் புதுசு, சக்கரம் வேறு பைக்கினுடையது, ஆனால் உதைத்தால் எல்சினோர் மாதிரிதான் கத்தும், எல்சினோர் மாதிரிதான் வளையும். அதைத் தேய்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. தேய்ப்பதுதான் அந்தப் பாடலை வாயில் வைத்திருப்பது.

பெரியவரின் பைக்? அதுவும் அதே பாடல்தான். ஆனால் அந்த ஓலையின் ஓரத்தில் வேறொன்றும் எழுதியிருந்தது. டேங்கில் அந்த முழங்கால் தேய்மானம். 1973-ன் தொழிற்சாலை ஒவ்வொரு போல்ட்டையும் எப்படி முடுக்கியது, கேபிளை எந்த வழியாக இழுத்தது என்பதற்கான சாட்சி. எல்லாப் பிரதிகளிலும் சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கு இருக்கும் சில ஓலைகளில் ஒன்று. நான் ஓட்டினால் முதல் சீசனிலேயே அவர் முழங்கால் அழிந்து என் முழங்கால் விழும். மூடியோ டேங்கோ உடைந்தால் மாற்றியாக வேண்டும். மாற்றினால் அது இன்னொரு கலப்பட பைக். நல்ல பைக்தான். ஆனால் அது ஏற்கனவே சந்தையில் பாதி விலைக்கு இருக்கிறது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் இவ்வளவுதான்: பிரதி எடுக்க முடிந்ததைத் தேய்க்கலாம். பிரதி எடுக்காததைத் தேய்க்கக் கூடாது. தேய்ப்பவனுக்குப் பிரதி எடுக்கும் கடமை உண்டு. இந்த அளவுகோல் தொழிற்சாலைகள் தங்கள் அணிக்காக மட்டும் ஒன்றிரண்டாகச் செய்த பைக்குகளுக்கு 'வேண்டாம்' என்று சொல்லும். ஊரெல்லாம் இருக்கும் எல்சினோருக்கு 'ஓட்டு' என்று சொல்லும். நடுவில் இருக்கிற பெரியவரின் பைக் போன்றவற்றுக்கு 'அவசரப்படாதே, முதலில் எழுதிக்கொள்' என்று சொல்லும்.

6

கலப்பட பைக்கை வாங்கினேன். பிறகு பெரியவர் வீட்டுக்குப் போய், உங்களுடையதை வாங்கவில்லை, ஆனால் ஒரு நாள் முழுக்க அதை அளந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். முகம் சுருங்கியது. "காப்பாத்தறதுக்குத்தான்னா நான் மியூசியத்துக்கே குடுத்திருப்பேனே. இது ஓடறதுக்குச் செஞ்சது." அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. உங்கள் பைக் ஓடிய மாதிரி என் பைக்கை ஓட வைக்கத்தான் கேட்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு நான் எடுத்த படங்கள் நானூறுக்கு மேல். அவை வெளியிலிருந்து தெரிந்தவை. அவர் சொன்னது வேறு. கார்புரேட்டர் மூடியின் உள்பக்கம் அவர் ஆணியால் கீறி வைத்திருந்த ஜெட் எண்கள். ஈரமான காலையில் எத்தனை தடவை உதைத்த பிறகு சோக்கை மூடுவது. சேற்றுத் தண்ணீர் தாண்டியதும் பின்பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டி டிரம்மைக் காயவைப்பது. பள்ளங்கள் வரிசையாக வந்தால் ஆக்ஸிலரேட்டரைக் குறைக்கவே கூடாது, முன்சக்கரத்தைத் தூக்கியபடி மேலோட்டமாகத் தாண்டிவிட வேண்டும் என்பது. கடைசி விஷயத்தைச் சொல்லும்போது நாற்காலியிலிருந்து எழுந்து, முழங்காலை மடக்கி, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்துக் காட்டினார். அதை நான் படம் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டேன்.

அவர் ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். முழங்கால், என்றார். உடம்புக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் கிடையாது. ஐம்பது, அறுபது, எழுபது வயசைத் தாண்டியவர்களுக்கென்றே விண்டேஜ் ரேஸில் தனிப் பிரிவுகள் உண்டு. அவர்களில் பலர் நொண்டிக்கொண்டுதான் பைக்கில் ஏறுகிறார்கள். உட்கார்ந்தே இருந்தாலும் முழங்கால் தேயும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு முப்பத்தெட்டு. என் கணக்கை இன்னும் முடிவு பண்ணவில்லை. நான் விழுந்தால் வீட்டில் இருப்பவர்கள் அனுபவிக்க வேண்டியதை எந்த அளவுகோலால் அளப்பது என்றும் தெரியவில்லை. மனைவி அதைத்தான் உண்மையான கேள்வி என்கிறாள். அவள் சொல்வது சரியாக இருக்கலாம்.

ஒரு சீசன் ஓட்டிவிட்டேன். கடைசி வரிசைகளில்தான் முடித்தேன். சிலிண்டரை அளந்தால் 70.50-ல் இன்னும் தாங்குகிறது. அடுத்த வருஷம் கடைய வேண்டியிருக்கும். பைக்குக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். எந்தப் பாகம் எந்த நாளில் மாற்றியது, எந்த ஜெட், எந்தத் தவறில் எது உடைந்தது, பெரியவர் சொன்னது எல்லாம் அதில். யாருக்கு விற்றாலும் அது பைக்கோடு போகும்.

பெரியவரின் எல்சினோர் இன்னும் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறது. ரேஸ் ஓட்டத் தயாரான யாராவது வந்தால் கொடுத்துவிடுவார். வாங்குபவர் முதல் வளைவிலேயே விழுந்து அந்த டேங்கை நசுக்கலாம். அதைத் தடுக்க என்னிடம் வாதம் எதுவும் இல்லை. அவருக்கு நான் சொன்ன பதில் அவரைச் சமாதானப்படுத்தவில்லை என்பதும் தெரியும். அளவுகள் என்னிடம் இருக்கின்றன. யார் கேட்டாலும் தருவேன்.